நூலக அட்டை, கிண்டில், தாள் புத்தகம்: ஓராண்டுக்கு மேல் புழங்கிப் பார்த்ததில்

படிப்பு முடிந்ததோடு கதைப் புத்தகத்தை மூடிவைத்தவர்கள் முப்பது, நாற்பது வயதில் திரும்ப வரும்போது செய்கிற தப்பு பெரும்பாலும் ஒன்றுதான். புத்தகத் திருவிழாவில் 10 சதவீதம் கழிவு கிடைக்கிறதே என்று ஐந்து பாகச் சரித்திர நாவலை மொத்தமாக வாங்கிவிடுகிறார்கள். முதல் பாகத்தின் அறுபதாம் பக்கத்தில் கடை ரசீதைச் செருகியபடி அது அலமாரியில் நிற்கும். பழக்கம் விட்டுப்போனவர்களுக்கு முதலில் தோதானது, உட்கார்ந்த இடத்தில் முடிந்துவிடுகிற எட்டுப் பத்துப் பக்கச் சிறுகதை. முதல் மாதம் அது மட்டும் போதும். பிறகு 120 பக்கக் குறுநாவல். பிடிக்காததை நாற்பது பக்கத்தோடு விட்டுவிடலாம், யாரும் பரீட்சை வைக்கப் போவதில்லை.

பாதியில் விடும் சுதந்திரத்துக்கு நூலக அட்டைதான் சரி. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது; சொத்து வரியோடு நூலக வரியும் கட்டிக்கொண்டுதானே இருக்கிறோம். கிளை நூலகங்களுக்கு வெள்ளிதான் வார விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்பது வேலைக்குப் போகிறவர்களுக்குப் பெரிய வசதி. எடுக்கும் முன் கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். பக்க எண்களையும் ஒரு ஓட்டு ஓட்டுங்கள். புத்தகங்கள் பெரும்பாலும் 16 பக்கத் தொகுப்புகளாக அச்சாகின்றன; ஒரு தொகுப்புக்குப் பாரம் (form) என்று பெயர். பைண்டிங்கில் ஒரு பாரம் விட்டுப்போனால் 96க்கு அடுத்து 113 வந்து நிற்கும். துப்பறியும் கதையில் அது நடந்தால் கொலைகாரன் யாரென்று தெரியாமலே திருப்பித்தர வேண்டியதுதான்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறவர்களுக்கு அமேசானின் மின்நூல் கருவியான கிண்டில் உதவும். 2016 முதல் அதில் தமிழ்ப் புத்தகங்கள் கிடைக்கின்றன. எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், ஜன்னல் வெயிலிலும் திரை கூசாது. தமிழில் அடிக்கடி இடறுவது கோப்பு வகைதான். ஏ4 அளவு பிடிஎஃப்பை 6 அங்குலத் திரையில் திறந்தால் எழுத்து எறும்பாகிவிடும். அதனால் திரைக்கேற்ப வரிகள் மாறிக்கொள்ளும் இபப் (EPUB) கோப்பாகவே தேடி எடுங்கள். மதுரைத் திட்டம் (Project Madurai) என்ற இணைய நூலகம் 1998 முதல் பழந்தமிழ் நூல்களை இலவசமாகத் தருகிறது. அங்கே யூனிகோடு கோப்பை எடுக்க வேண்டும். யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் குறியீட்டு முறையான டிஸ்கியில் (TSCII) உள்ள பழைய கோப்பு, அதற்கான எழுத்துரு இல்லாவிட்டால் புரியாத குறிகளாகத்தான் தெரியும். சேலம் போகிற வழியில் தொப்பூர் கணவாய் வந்ததும் எதுவானாலும் மூடிவிடுங்கள். கண் எழுத்தில் நிலைத்திருக்கும்போது உள்காது வளைவை உணரும். இரண்டும் ஒத்துப்போகாததால்தான் குமட்டுகிறது.

ராத்திரிக்குத் தாள் புத்தகம். போனை அடுத்த அறையில் சார்ஜில் போட்டுவிட்டு இருபத்தைந்து நிமிடம் உட்கார்ந்தால் பதினைந்து பக்கம் ஓடும். போன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், சத்தத்தை அணைத்திருந்தாலும் ஐந்து பக்கம் தாண்டாது.

புதுப் புத்தகத்தை நட்டநடுவில் விரித்து அழுத்தாதீர்கள். பசை பைண்டிங் அங்கேயே விண்டுவிடும். முன்னாலிருந்து பத்துத் தாள், பின்னாலிருந்து பத்துத் தாள் என்று மாற்றி மாற்றி விரலால் நீவி நடுவுக்கு வர வேண்டும். அப்படியும் தாள் கழன்றால், முதுகில் மெல்லிசாக ஃபெவிகால் தடவி, தாளைத் தட்டிச் சேர்த்து, ஒரு ராத்திரி பாரம் ஏற்றி வையுங்கள். அந்த ஐந்து பாக நாவல் இதற்கு நல்ல பாரம்.