டியூஸை அடிக்கடி ஓட்டுபவருக்கு எது சரி: பிளாட்ஹெட்டா, ஸ்மால் பிளாக் செவியா?

1930-களில் கலிஃபோர்னியாவின் முராக் வறண்ட ஏரிப்படுகையில் பந்தயம் விட்ட இளைஞர்களில் பலர், பந்தயம் விடும் அதே காரில்தான் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து அங்கே போனார்கள். போனதும் மட்கார்டையும் கண்ணாடியையும் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுவார்கள், முடிந்ததும் மாட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவார்கள். வேகத்துக்காக மாற்றிக் கட்டிய பழைய காரான ஹாட்ராடு பிறந்ததே ரோட்டில் ஓடத்தான். அதனால் டியூஸ் என்று அழைக்கப்படும் 1932 ஃபோர்டு ராடை வாங்கி, வாரம் தவறாமல் ஓட்ட நினைப்பவர்கள்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. அவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது என்ஜினை.

களத்தில் இரண்டு பேர். ஒன்று, ஃபோர்டின் எட்டு சிலிண்டர் என்ஜினான பிளாட்ஹெட் வி8. 1932-ல் 3.6 லிட்டர், 65 குதிரைத்திறனில் வந்தது. அமெரிக்கக் கார்களில் 1953 வரை இருந்தது. ஓட்டுவதற்கு நான் எடுத்துக்கொள்வது அதன் கடைசி வடிவமான 1949–53 காலத்து 8பிஏ: 3.9 லிட்டர், 100 முதல் 110 குதிரைத்திறன். இன்னொன்று, 1955-ல் செவ்ரலே (சுருக்கமாகச் செவி) கொண்டுவந்த ஸ்மால் பிளாக் வி8. முதல் வருடமே 4.3 லிட்டரில் 162 குதிரைத்திறன். ஹாட்ராடுக்காரர்கள் கூட்டம் கூட்டமாக ஃபோர்டுக்குள் செவி என்ஜினை இறக்கியதற்கு இந்த வித்தியாசமே போதும்.

ஆனால் வாராவாரம் ஓட்டுபவருக்குக் குதிரைத்திறனைவிடச் சூடுதான் பெரிய விஷயம். பிளாட்ஹெட்டில் வால்வுகள் சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டில் இல்லை, சிலிண்டருக்குப் பக்கத்தில் என்ஜினின் உடலான பிளாக்குக்குள்ளேயே இருக்கின்றன. எரிந்த புகை வெளியே போக வேண்டுமென்றால் சிலிண்டர்களுக்கு இடையே, பிளாக்கின் குறுக்கே புகுந்து மறுபக்கம் வர வேண்டும். பக்கத்துக்கு நான்கு சிலிண்டர், ஆனால் வெளியேறும் வழி மூன்றுதான். நடுவில் உள்ள இரண்டும் ஒரே வழியைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. அத்தனை சூட்டையும் தண்ணீர்தான் வாங்கிக்கொள்கிறது. இரண்டு வாட்டர் பம்பும் 20 லிட்டரை ஒட்டிய தண்ணீரும் வைத்தும் பிளாட்ஹெட் கொதிக்கும் என்று பெயரெடுத்தது இதனால்தான். செவியில் புகை ஹெட்டிலிருந்து நேராக வெளியே போய்விடுகிறது.

சரி, அப்படியென்றால் பிளாட்ஹெட் கொதித்தே தீருமா? கிடையாது. வார்ப்படத்தில் தங்கிப்போன மணலும் பல வருடத் துருவும் தண்ணீர் ஓடும் வழியை அடைத்திருப்பது முதல் காரணம். டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம், பின்தங்கியிருப்பது இரண்டாவது. சிலிண்டரை அளவுக்கு மீறிக் குடைந்து சுவரை மெலிதாக்கியது மூன்றாவது. பிளாக்கை நன்றாகக் கழுவி, நல்ல ரேடியேட்டர் போட்டு, டைமிங்கைச் சரியாக வைத்தால் ஆகஸ்ட் மாதக் கோடை நெரிசலிலும் அது தாக்குப்பிடிக்கும். வாங்கும்போது பார்க்க வேண்டியது விரிசல்: வால்வு சீட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே, ஹெட் போல்ட் ஓட்டைகளைச் சுற்றி. காந்தத்தூள் சோதனையும் பிரஷர் டெஸ்டும் முடியாமல் ஒரு பிளாக்குக்குப் பணம் கொடுக்கவே கூடாது. செவிக்காரர்களும் அலட்சியமாக இருக்க முடியாது. டியூஸின் ஒடுங்கிய கிரில்லுக்குப் பின்னால் 5.7 லிட்டர் என்ஜினை வைத்துவிட்டு, ஃபேனுக்குக் கவசம் போடாமல் விட்டால் அதுவும் கொதிக்கத்தான் செய்யும்.

கைவேலை விஷயத்தில் பிளாட்ஹெட் எனக்கு ஒருபடி மேல். ஹெட்டில் உள்ள வால்வை இயக்கத் தேவைப்படும் ராக்கர் இல்லை, புஷ்ராடு இல்லை. தண்ணீரை இறக்கிவிட்டு, பக்கத்துக்கு 24 போல்ட்டைக் கழற்றி ஹெட்டைத் தூக்கினால் பிஸ்டன் தலையும் வால்வும் கண்முன்னே கிடக்கும். எந்த வால்வு கருகியிருக்கிறது, கேஸ்கெட் எங்கே ஊதியிருக்கிறது என்று கையால் தடவிப் பார்த்துவிடலாம். குறை, வால்வைத் தள்ளும் ஒரிஜினல் டாப்பெட்டில் இடைவெளியைத் திருகிச் சரிசெய்ய வழியே இல்லை. வால்வுத் தண்டின் நுனியைத் துளித்துளியாக அரைத்து, அளவு பார்த்து, மறுபடி அரைக்க வேண்டும். பொறுமை உள்ள ஒரு கைக்கு ஒருமுறை கொடுத்துவிட்டால் நெடுநாள் கவலையில்லை. திருகும் வகை டாப்பெட்டும் மாற்றாகக் கிடைக்கிறது. முழுதாகப் பிரிக்கும்போது அதைப் போட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

ஆயிலில் செவிக்குத்தான் சாதகம். பிளாட்ஹெட்டின் ஃபில்டர் வழியாக ஆயிலில் ஒரு பகுதிதான் போகும், அதனால் ஆயிலை அடிக்கடி மாற்ற வேண்டும். ஆனால் 1955 மாடல் செவி பிளாக்கில் ஃபில்டருக்கே இடம் கிடையாது. அடிக்கடி ஓட்ட அதை எடுக்காதீர்கள். இன்னொன்று, 1987-க்கு முந்தைய தட்டை டாப்பெட் செவிகளுக்கு துத்தநாகம் கலந்த ஆயில் வேண்டும். இன்றைய சாதாரண ஆயிலை ஊற்றி, டாப்பெட்டைத் தள்ளும் கேம்ஷாஃப்டைத் தேய்த்துவிட்டுப் புலம்புபவர்கள் ஏராளம். பிளாட்ஹெட்டின் வால்வு ஸ்பிரிங் மென்மையானது, அதற்கு இந்த நெருக்கடி குறைவு.

உதிரிபாகம் பற்றி நிறையப் பேச வேண்டியதில்லை. செவ்ரலேயின் தாய் நிறுவனமான ஜிஎம் 2011-ல் தன் 10 கோடியாவது ஸ்மால் பிளாக்கைக் கட்டியது. நெவாடாவில் ஏதோ ஒரு சிற்றூரில் செவியின் வாட்டர் பம்ப் போனாலும், அங்கே உள்ள கடையிலேயே வாங்கி மாட்டிவிடலாம். பிளாட்ஹெட் சாமான் இன்றும் புதிதாகத் தயாராகிறது, ஆனால் தபாலில் வர வேண்டும். நீண்ட பயணம் போகிறவர் ஒரு ஃபியூயல் பம்ப், பாயிண்ட், கண்டன்சர் செட் டிக்கியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பொருத்துவதில், தீப்பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் செவியில் என்ஜினின் பின்பக்கம் இருப்பதால், என்ஜினுக்கும் ஓட்டுபவருக்கும் நடுவே உள்ள தகடான டியூஸின் ஃபயர்வாலை உள்ளே குழிக்க வேண்டிவரும். நல்ல ஒரிஜினல் ஃபயர்வாலை வெட்டுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். பிளாட்ஹெட்டுக்கு அந்த வெட்டு வேண்டாம்.

அப்புறம் வேகம். இதில்தான் தீர்ப்பே இருக்கிறது. 3.78 விகிதப் பின் ஆக்ஸிலும் 28 அங்குல டயரும் இருந்தால், மணிக்கு 105 கிலோமீட்டரில் என்ஜின் 3,000 சுற்றை ஒட்டி ஓடும். பிளாட்ஹெட் அதில் ஓடும், ஆனால் நாள் முழுக்க ஓட்டினால் அதற்கும் வலி, ஓட்டுபவருக்கும் வலி. பின்னால் டி5 என்ற ஐந்து கியர் பாக்ஸ் போட்டால் ஐந்தாவது கியரில் சுற்று 2,100 அளவுக்கு இறங்கிவிடும். அதற்கு ஃபோர்டின் பழைய மூடிய டிரைவ்ஷாஃப்டை விட்டுத் திறந்த வகைக்கு மாற வேண்டும். செலவுதான், ஆனால் அந்தச் செலவு வீண்போகாது. செவிக்கு இந்த வேகம் ஒரு பொருட்டே இல்லை.

பெட்ரோல் சூடாகி ஆவியாவது இரண்டுக்கும் உள்ள தொல்லை, எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலில் இன்னும் அதிகம். பிளாட்ஹெட்டின் ஃபியூயல் பம்ப் என்ஜினுக்கு மேலேயே உட்கார்ந்திருப்பதால் வண்டியை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்யும்போது சண்டித்தனம் செய்யும். டேங்கின் பக்கத்தில் சின்ன எலெக்ட்ரிக் பம்ப் ஒன்றை வைத்து, தேவைப்படும்போது மட்டும் போட்டுக்கொண்டால் சரியாகிவிடும்.

என் முடிவு இது. தினமும் ஃப்ரீவேயில் வேலைக்குப் போக வேண்டியவர், ஒரே மூச்சில் மாநிலம் தாண்டுபவர் செவியை எடுக்கட்டும். சாதாரண ரோட்டில் வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஓட்டுபவருக்கு, பெரிதாக முறுக்கேற்றாத 8பிஏவும் டி5 பாக்ஸும்தான் நான் சொல்வது. அந்தச் சத்தமும், கீழ் வேகத்திலேயே இழுக்கும் அந்த நிதானமும் செவியில் கிடைக்காது.

எதை எடுத்தாலும் என்ஜினுக்கு முன்னால் பிரேக்குக்குச் செலவழியுங்கள். 1932-ல் வந்தது கம்பி இழுக்கும் மெக்கானிக்கல் பிரேக். ஃபோர்டு ஹைட்ராலிக்குக்கு மாறியதே 1939-ல்தான். இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரோடு ஹைட்ராலிக் போட்டுவிட்டுத்தான் மற்ற வேலை. செவி போடுவதற்காக நல்ல பிளாட்ஹெட் ஒன்றைக் கழற்றினால், அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சிலிண்டர்களில் ஆயில் விட்டு, வாய்களை அடைத்து ஓரமாக வையுங்கள். விரிசல் இல்லாத பிளாக் வருடா வருடம் குறைந்துகொண்டே வருகிறது, அதைத் தேடிக்கொண்டு யாராவது வருவார்.