டேப்லெட்டுக்கு சார்ஜ்: கம்ப்யூட்டர் போர்ட்டா, பிளக் பாயிண்டா?

மதுரை பக்கம் திருமங்கலத்தில் ஜெராக்ஸ், பிரவுசிங் கடை வைத்திருக்கிறேன். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் அப்ளிகேஷன் போடவும் நோட்ஸ் பிரிண்ட் எடுக்கவும் வருவார்கள். பாதிப் பேர் கையில் டேப்லெட் இருக்கும். "அண்ணே, கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கிறேண்ணே" என்று சொல்லிக்கொண்டே சிபியு முன்பக்கத்தில் வயரைச் சொருகிவிடுவார்கள். போன மாதம் உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்த ஒரு தங்கச்சி, அப்படி மாட்டிவைத்தே இரண்டு மணி நேரம் வீடியோ வகுப்பு பார்த்தது. கிளம்பும்போது பார்த்தால் 31 சதவீதம் இருந்த சார்ஜ் 27 ஆகியிருந்தது. "டேப் போயிருச்சாண்ணே?" என்று கேட்டபோது அந்த முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. புதுசு வாங்க வீட்டில் கேட்க முடியாத பிள்ளை.

டேப்பில் ஒரு கோளாறும் இல்லை. மாட்டிய இடம்தான் சரியில்லை.

பழைய யுஎஸ்பி 2.0 போர்ட் விதிப்படி கொடுப்பது 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர். பெருக்கிப் பார்த்தால் 2.5 வாட். உள்ளே நீல நிறமாக இருக்கும் யுஎஸ்பி 3.0 போர்ட் என்றால் 900 மில்லி ஆம்பியர், அதாவது 4.5 வாட். பத்து இன்ச் டேப்லெட்டில் வெளிச்சத்தைக் கூட்டி வைத்து, வைஃபையில் வீடியோ ஓட்டினால் அதுவே நாலு வாட் பக்கம் தின்றுவிடும். வரவு இரண்டரை, செலவு நாலு. மிச்சத்தை பேட்டரியில் இருந்துதான் எடுக்க வேண்டும். அந்தத் தங்கச்சிக்கு நடந்தது இதுதான்.

ஸ்கிரீனை அணைத்துவிட்டு மாட்டினால்? ஏறும், ஆனால் பொழுது விடிந்துவிடும். 7000 எம்ஏஎச் பேட்டரி என்றால் ஏறக்குறைய 27 வாட் அவர், அதாவது 27 வாட்டை ஒரு மணி நேரம் கொடுக்கிற அளவு. 2.5 வாட்டில் வகுத்தால் கிட்டத்தட்ட 11 மணி நேரம், வழியில் வீணாவதைச் சேர்த்தால் இன்னும் அதிகம். 2010-இல் முதல் ஐபேட் 10 வாட் சார்ஜரோடு வந்தபோதே இந்தப் பிரச்சினை இருந்தது. சாதாரண கம்ப்யூட்டரில் மாட்டினால் சார்ஜ் ஆகவில்லை என்று மேலே எழுத்து வரும். ஸ்கிரீன் அணைந்திருந்தால் மட்டும் மெதுவாக ஏறும்.

சுவர் சார்ஜர் வேறு கதை. பழைய ரகத்தில் டேட்டா போகிற இரண்டு கம்பிகளையும் சார்ஜருக்கு உள்ளேயே ஒன்றோடொன்று இணைத்திருப்பார்கள். டேப்லெட் அதைத் தொட்டுப் பார்த்து, எதிரே இருப்பது கம்ப்யூட்டர் இல்லை, சார்ஜர்தான் என்று தெரிந்துகொண்டு ஒன்றரை, இரண்டு ஆம்பியர் வரை இழுக்கும். கம்ப்யூட்டர் போர்ட் என்று தெரிந்தால் மரியாதையாக அரை ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளும். 10 வாட் சார்ஜரில் அதே பேட்டரி மூன்றரை மணி நேரத்துக்குள் ஏறக்குறைய நிரம்பிவிடும். கடைசிக் கொஞ்சம் மட்டும் நிதானமாக ஏறும், அது பேட்டரியின் நல்லதுக்கு.

டைப் சி போர்ட் உள்ள புது லேப்டாப் இரண்டுக்கும் நடுவில். அந்தப் போர்ட் 5 வோல்ட்டில் 1.5 ஆம்பியரோ 3 ஆம்பியரோ தர முடியும். மூன்று ஆம்பியர் தருகிற லேப்டாப் கையில் இருந்தால் 15 வாட். சுவர் சார்ஜரைத் தேடவே வேண்டாம். ஆனால் எல்லா டைப் சி போர்ட்டும் அவ்வளவு தராது. வடிவத்தை மட்டும் பார்த்து நம்பிவிடக் கூடாது.

சரி, சார்ஜர் இருக்கிறது, இருந்தும் ஏறவில்லை என்று வருகிறவர்களும் உண்டு. அவர்களிடம் நான் முதலில் கேட்பது வயரைத்தான். கடையில் சின்ன யுஎஸ்பி மீட்டர் ஒன்று வைத்திருக்கிறேன். வயருக்கு நடுவில் மாட்டினால் வோல்ட்டும் ஆம்பியரும் காட்டும். அந்தத் தங்கச்சியின் வயரை என் 10 வாட் சார்ஜரில் போட்டுப் பார்த்தேன். 0.8 ஆம்பியரைத் தாண்டவில்லை. கடையில் கிடந்த தடித்த வயரை மாற்றினேன், அதே சார்ஜர், அதே டேப், 1.8 காட்டியது. மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் நடைபாதையில் நூல் மாதிரி மெல்லிசாக ஒரு வயர் விற்பார்களே, அந்த ரகம் அது. உள்ளே 28 கேஜ் கம்பி இருந்தால், ஒரு மீட்டர் வயரில் போக வர சுமார் 0.4 ஓம் தடை. இரண்டு ஆம்பியர் இழுத்தால் 0.8 வோல்ட் வயரிலேயே செத்துப்போகும். 5 வோல்ட் 4.2 ஆகிவிடும். டேப்லெட் உடனே இழுப்பதைக் குறைத்துக்கொள்ளும். கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும்; 24 கேஜ் கம்பியில் இந்த இழப்பு பாதிக்கும் கீழே. அதனால் சார்ஜரை மாற்றும் முன் வயரை மாற்றிப் பாருங்கள். நீளம் குறைவாக இருப்பதும் நல்லது.

பவர் பேங்க் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 10000 எம்ஏஎச் என்று எழுதியிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. 37 வாட் அவர். 5 வோல்ட்டாக மாற்றுவதில் கொஞ்சம் போய்விடும். டேப்லெட்டை ஒரு தடவை முழுதாக ஏற்றலாம், இரண்டு தடவை என்று எதிர்பார்க்காதீர்கள். மதுரைக்குப் பஸ்ஸில் கோச்சிங் போய் வருகிற பிள்ளைக்கு இது போதும்.

அப்புறம், மெயின்டனன்ஸ் என்று பகல் முழுக்க கரண்ட் இல்லாத நாள். அன்றைக்குத்தான் லேப்டாப் போர்ட் நினைவுக்கு வரும். லேப்டாப்பைத் திறந்து ஓட்டிக்கொண்டே டேப்லெட்டுக்குக் கொடுத்தால் லேப்டாப் தன் பாட்டுக்குப் பத்து வாட் தின்னும், டேப்லெட்டுக்குப் போவது நாலு. நல்ல கணக்கு இல்லை. போர்ட் பக்கத்தில் மின்னல் குறி இருக்கிறதா பாருங்கள். இருந்தால், பெரும்பாலும் லேப்டாப் தூங்கும்போதும் அந்தப் போர்ட் கரண்ட் தரும்படி செய்யப்பட்டது. சில மாடலில் செட்டிங்கில் போய் ஆன் செய்ய வேண்டும். மூடி வைத்துவிட்டு அதில் மாட்டுங்கள், லேப்டாப்பே பெரிய பவர் பேங்க் ஆகிவிடும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் இதுவும் வேண்டாம். 2012 பவர்கட் காலத்தில் வாங்கி வைத்த இன்வெர்ட்டர் எங்கள் தெருவில் பல வீட்டில் இன்னும் ஓடுகிறது. டேப்லெட் சார்ஜர் ஒரு எல்இடி பல்பு அளவுதான் கேட்கும். தயங்காமல் சுவரிலேயே மாட்டலாம்.

கம்ப்யூட்டர் போர்ட்டில் மாட்டித்தான் ஆக வேண்டும் என்றால், டெஸ்க்டாப்பின் பின்பக்கம் மதர்போர்டோடு ஒட்டியிருக்கும் நீலப் போர்ட்டில் மாட்டுங்கள், ஸ்கிரீனை அணையுங்கள். தனி அடாப்டர் இல்லாத யுஎஸ்பி ஹப்பில் மாட்டவே வேண்டாம். ஒரு போர்ட்டின் கரண்ட்டை அங்கே நாலு பேர் பங்கு போடுவார்கள். வெளி ஆள் கம்ப்யூட்டராக இருந்தால், என் கடை உட்பட, உள்ளே இருப்பதை அது படிக்காமல் இருக்க டேப்லெட்டில் 'சார்ஜ் மட்டும்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'இந்த கம்ப்யூட்டரை நம்பலாமா' என்று டேப்லெட் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அந்தத் தங்கச்சி தடித்த வயரையே எடுத்துக்கொண்டு போனது. இப்போது வரும்போது வீட்டிலிருந்து சார்ஜரும் கொண்டு வருகிறது. ஜெராக்ஸ் மிஷின் பக்கத்து பிளக் பாயிண்டைக் காலியாக வைத்திருக்கிறேன்.