எலும்புப்புரை உள்ள முதியோருக்கான பயிற்சி வகுப்பு: தருமபுரி மையம் ஒன்றைப் பற்றி

தருமபுரி நான்கு ரோட்டுக்கு அருகில், முதல் மாடியில் இயங்கும் ஒரு பிசியோதெரபி மையத்தில் எலும்புப்புரை (எலும்பின் அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நோய்) உள்ள முதியோருக்கெனத் தனி வகுப்பு நடக்கிறது. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் எனும் அளவு எலும்புப்புரைக்கான எல்லையான மைனஸ் 2.5-க்கும் கீழே இருந்ததால், மருத்துவர் மாத்திரையோடு பயிற்சியையும் எழுதிக்கொடுக்க, என் அம்மா சில மாதங்களாக அங்கே சென்று வருகிறார்.

ஸ்கேன் அறிக்கையைப் பார்க்காமலும், முன்பு எலும்பு முறிந்ததுண்டா என்று கேட்காமலும் அங்கே யாரையும் சேர்ப்பதில்லை. அதைவிட முக்கியம், எடை தூக்க வைக்கிறார்கள். தினமும் நடந்தால் போதும் என்றே நம் வீடுகளில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நடை இதயத்துக்கு நல்லதுதான், ஆனால் பழகிய சுமையைவிடக் கூடுதலான சுமை விழும்போதுதான் எலும்பு வலுப்பெறும் என்பதால், நடை மட்டும் முதுகெலும்பின் அடர்த்தியைப் பெரிதாகக் கூட்டுவதில்லை. 2018-இல் வெளியான லிஃப்ட்மோர் என்ற ஆஸ்திரேலிய ஆய்வில், எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற பெண்கள் வாரம் இருமுறை அரை மணி நேரம் நேரடிக் கண்காணிப்பில் கனமான எடைகளைத் தூக்கினார்கள். எட்டு மாதங்களில் அவர்களுடைய இடுப்புப் பகுதி முதுகெலும்பின் அடர்த்தி சராசரியாக 2.9 சதவீதம் கூடியது, வீட்டில் இலகுவான பயிற்சி செய்தவர்களுக்கோ 1.2 சதவீதம் குறைந்தது. இந்த மையம் அந்த அளவு எடைக்குப் போவதில்லை. நாற்காலியில் கையூன்றாமல் எழுந்து அமர்வதில் தொடங்கி, உடல் பழகப் பழக டம்பெல்லின் எடையைக் கூட்டுகிறார்கள். இடுப்பு எலும்பு பெரும்பாலும் விழுவதால்தான் முறிகிறது என்பதால், நாற்காலி முதுகைப் பிடித்தபடி ஒற்றைக்காலில் நிற்பது, ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல்களோடு ஒட்டிவைத்து நேர்க்கோட்டில் நடப்பது ஆகியவற்றுக்கும் போதிய நேரம் தருகிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. வழக்கமான பயிற்சியாளர் விடுப்பில் இருந்தபோது வந்தவர், எல்லோரையும் குனிந்து கால்விரலைத் தொடச் சொன்னார். முதுகெலும்பு முறிவு வாய்ப்புள்ளவர்களுக்கு இது ஆபத்தானது: 1984-இல் வெளியான, சிறியதே ஆனாலும் இன்றுவரை மேற்கோள் காட்டப்படும் ஓர் ஆய்வில், முன்புறம் வளையும் பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதத்தினருக்குப் புதிய முறிவுகள் தெரிந்தன, பின்புறம் நிமிரும் பயிற்சி செய்தவர்களில் அது 16 சதவீதமே. நாங்கள் சொன்ன பிறகு அம்மாவுக்கு மட்டும் அதை நிறுத்தினார்கள். வகுப்பு முழுவதற்கும் நிறுத்தியிருக்க வேண்டும்.

மாடிப்படியில் ஒருபுறம்தான் கைப்பிடி இருக்கிறது, லிஃப்ட் இல்லை. விழாமல் இருக்கக் கற்றுக்கொள்ள வருபவர்களை இப்படி ஏற விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வரவேற்பறையில் கால்சியம் பவுடர் டப்பாக்களையும் விற்கிறார்கள். 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உள்ள கேழ்வரகைக் களியாகக் கிண்டித் தின்கிற மாவட்டத்தில், மருத்துவர் சொல்லாமல் அதை வாங்க வேண்டியதில்லை.

கட்டணம் உள்ளூர் ஜிம்மைவிடச் சற்று அதிகம். கிடைக்கும் தனிக்கவனத்துக்கு அது தகும். அண்மையில் முதுகெலும்பு முறிந்தவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் சேர வேண்டாம். மற்றவர்கள் காலை வகுப்பைக் கேட்டுப் பெறுங்கள். மாலையில் கூட்டம் கூடிவிடுவதால் ஒவ்வொருவரும் எடை தூக்கும் விதத்தை நின்று திருத்த அவர்களுக்கு நேரம் இருப்பதில்லை.