காசு யார் பேரில் கிடக்கிறது? டர்பனில் இரண்டு ஃபியூச்சர்ஸ் புரோக்கர்களோடு ஒன்றரை வருடம்

ஃபியூச்சர்ஸ் என்றால் பின்னால் ஒரு தேதியில் வாங்கவோ விற்கவோ இன்றே விலை பேசி வைக்கும் ஒப்பந்தம். அதற்காக இங்கே தென்னாப்பிரிக்காவில் இரண்டு கம்பெனிகளில் கணக்கு வைத்து ஒன்றரை வருடம் ஓட்டிய பிறகு எழுதுகிறேன். பெயர் போடவில்லை. ஒன்றின் மேல் புகார் கொடுத்திருக்கிறேன், அது இன்னும் முடியவில்லை. முதல் கம்பெனி எல்லாமே ஃபோன் ஆப்பில் நடக்கிற வகை, ஜோஹன்னஸ்பர்க் விலாசம், கால்பந்து மேட்ச் நடுவில் விளம்பரம். இரண்டாவது, ஜேஎஸ்இ என்கிற ஜோஹன்னஸ்பர்க் பங்குச்சந்தையில் உறுப்பினராக இருக்கிற பழைய தானிய புரோக்கர். அவர்களுடைய வெப்சைட்டைப் பார்த்தால் 2005ல் செய்து அப்படியே விட்டுவிட்டார்கள் போலிருக்கும்.

ஆப்பின் சார்ட், வேகம், ஸ்ப்ரெட் எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன, குறை சொல்ல முடியாது. அதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் பார்த்தது வேறு ஒன்றை: நாம் போட்ட காசு இப்போது யாருடைய பெட்டியில் இருக்கிறது, அந்தப் பெட்டியின் மேல் யார் பெயர் எழுதியிருக்கிறது.

முதலில் நானும் இதையெல்லாம் யோசிக்கவில்லை. ஒரு வியாழக்கிழமை ஆப்பிலிருந்து 18,000 ராண்ட் எடுக்கக் கேட்டேன், மகளின் ஸ்கூல் ஃபீஸுக்கு. இரண்டு வேலைநாள் என்று போட்டிருந்தது, வந்தது பதினோராம் நாள். வந்ததே பெரிசு என்று விட்டிருப்பேன், ஆனால் பேங்க் ஸ்டேட்மென்ட்டில் பணம் அனுப்பியவர் இருக்க வேண்டிய இடத்தில் கம்பெனி பெயர் இல்லை, நான் கேள்விப்பட்டே இராத ஒரு பேமென்ட் கம்பெனியின் பெயர் இருந்தது. அன்று ராத்திரிதான், கணக்குத் திறக்கும்போது படிக்காமலே டிக் போட்ட நாற்பது பக்க ஒப்பந்தத்தைத் திறந்து படித்தேன்.

ஜோஹன்னஸ்பர்க் கம்பெனி வெறும் இடைத்தரகராம். என் ஒப்பந்தம் அதே பெயரின் வாலில் ஒரு சொல் கூடுதலாக ஒட்டிய, சேஷெல்ஸில் பதிவான இன்னொரு கம்பெனியோடு. ஆப்பின் அடியில் போட்டிருந்த, எஃப்எஸ்சிஏ என்ற இங்கேயுள்ள நிதிக் கண்காணிப்பு ஆணையத்தின் லைசென்ஸ் எண் பொய்யில்லை, தேடிப் பார்த்தேன், ஆனால் அது இங்கே இருக்கிற தரகருக்குக் கொடுத்த எண். என் காசை வைத்திருப்பவரின் எண் அல்ல. அதோடு, நான் ஃபியூச்சர்ஸ் என்று நினைத்து வாங்கிக்கொண்டிருந்தது ஃபியூச்சர்ஸே இல்லை, சிஎஃப்டி, அதாவது விலை ஏறி இறங்கும் வித்தியாசத்தை மட்டும் கம்பெனியோடு தீர்த்துக்கொள்ளும் ஒப்பந்தம். சந்தையில் பதிவாகும் ஒப்பந்தம் கிடையாது, எதிர்ப்பக்கம் அந்தக் கம்பெனியேதான். நான் தோற்றால் அவர்கள் ஜெயிக்கிறார்கள், அந்தக் காசும் அவர்களிடமே இருக்கிறது! தாயம் ஆடும்போது எதிராளியிடமே பந்தயப் பணத்தையும் கொடுத்து வைத்த மாதிரி.

ஃபோன் செய்தேன். பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார். "உங்கள் பணம் செக்ரிகேட்டட் அக்கவுண்ட்டில் பத்திரமாக இருக்கிறது சார்." எந்த பேங்க்? "முன்னணி பேங்க் சார்." கணக்கு யார் பேரில்? "செக்ரிகேட்டட் அக்கவுண்ட் சார்." மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் இதே பதில்தான்.

செக்ரிகேட்டட், அதாவது கம்பெனியின் சொந்தப் பணத்தோடு கலக்காமல் வாடிக்கையாளர் பணத்தைத் தனியாக வைப்பது. நல்ல விஷயம்தான். இங்கேயும் சட்டம் இருக்கிறது: 2001ஆம் வருடச் சட்டம் ஒன்று வாடிக்கையாளர் சொத்தைப் பிரித்து வைக்கச் சொல்கிறது, ஆலோசகர்களுக்கும் இடைத்தரகர்களுக்கும் ஆன நடத்தை விதி, வாங்கிய பணத்தை ஒரு வேலைநாளுக்குள் தனி பேங்க் கணக்கில் போடச் சொல்கிறது. ஆனால் தனி என்றால் எனக்கென்று ஒரு தனி உண்டியல் என்று நினைத்துவிடக் கூடாது. எல்லா வாடிக்கையாளர் பணமும் ஒரே அண்டாவில்தான் இருக்கும். அண்டாவில் குறைந்தால் எல்லோருக்கும் சேர்ந்துதான் குறையும். அப்புறம் அந்த அண்டாவின் சாவியும் புரோக்கர் கையில்தான்.

அமெரிக்காவில் இதைவிடக் கெடுபிடியான சட்டம் இருந்தும் நடந்ததைப் பாருங்கள். 2011 அக்டோபர் 31 அன்று எம்எஃப் குளோபல் என்ற பெரிய ஃபியூச்சர்ஸ் புரோக்கர் திவால். தலைவர் ஜான் கார்சைன், கோல்ட்மேன் சாக்ஸின் முன்னாள் தலைவர், நியூஜெர்சியின் முன்னாள் கவர்னர். ஐரோப்பிய நாடுகளின் கடன்பத்திரங்களில் 600 கோடி டாலருக்கு மேல் கட்டி வைத்திருந்தார்கள். சந்தை பயந்து பணம் கேட்க ஆரம்பித்ததும், கடைசி நாட்களில் வாடிக்கையாளர் அண்டாவிலிருந்து எடுத்து ஓட்டை அடைத்தார்கள். சுமார் 160 கோடி டாலர் குறைந்தது. அதில் மாட்டியவர்களில் சூதாடாமல், விளைச்சலுக்கு விலை பிடித்து வைக்க வந்த விவசாயிகளும் உண்டு. கடைசியில் முழுப்பணமும் திரும்பக் கிடைத்தது என்பது உண்மை, ஆனால் அதற்கு 2014 ஆகிவிட்டது. இரண்டரை வருடம் பணம் இல்லாமல் விதை வாங்குவது எப்படி?

அது முடிவதற்குள்ளேயே, 2012 ஜூலையில் அயோவா மாநிலத்தில் பிஎஃப்ஜி பெஸ்ட் என்ற இன்னொரு ஃபியூச்சர்ஸ் புரோக்கர் விழுந்தது. எனக்கு இதுதான் ரொம்பப் பயம் தந்தது. முதலாளி ரஸ்ஸல் வாசன்டார்ஃப் கிட்டத்தட்ட இருபது வருடம் பேங்க் ஸ்டேட்மென்ட்டைத் தானே கம்ப்யூட்டரில் தயாரித்துக்கொண்டிருந்தார். பேங்க்கிலிருந்து வரும் கவரை ஆஃபீஸில் வேறு யாரும் பிரிக்கக் கூடாது. கண்காணிப்பு அமைப்பு பேங்க்குக்கு எழுதிய கடிதம், அவரே எடுத்து வைத்திருந்த தபால்பெட்டிக்குப் போனது, அவரே பதில் எழுதி அனுப்பினார். கடிதத்துக்குப் பதிலாக பேங்க்கிடம் நேரடியாக மின்னணு வழியில் இருப்பைக் கேட்க ஆரம்பித்ததும் மாட்டிக்கொண்டார். 21 கோடி டாலருக்கு மேல் காணோம், அவருக்கு 50 வருடம் ஜெயில். ஆடிட் ஆகியிருக்கிறது, லைசென்ஸ் இருக்கிறது என்பதெல்லாம் எவ்வளவு மெல்லிய காகிதம் பாருங்கள்.

சரி, இரண்டாவது புரோக்கர். இதற்கு வழி காட்டியவர் கேட்டோ ரிட்ஜ் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஒரு அண்ணன். நாலாம் தலைமுறை, தமிழ் பாதி புரியும், பேசுவது முழுக்க ஆங்கிலம், என்னை மட்டும் "தம்பி" என்பார். தீவனத்துக்கு மஞ்சள் சோளம் வேண்டும், விலை ஏறினால் பண்ணை படுத்துவிடும் என்பதால் பல வருடமாக ஜேஎஸ்இயில் சோள கான்ட்ராக்ட் எடுக்கிறார். ஒரு கான்ட்ராக்ட் 100 டன். டன்னுக்கு 50 ராண்ட் எதிராகப் போனால் அன்று சாயங்காலமே 5,000 ராண்ட் கணக்கிலிருந்து போய்விடும், ஏறினால் வந்துவிடும். தினமும் இந்தக் கணக்குத் தீர்க்கப்படுவதால் யாருக்கு யார் எவ்வளவு என்பது மாதக்கணக்கில் ஊறிக் கிடப்பதில்லை.

நான் எடுத்தது ஒரே ஒரு கான்ட்ராக்ட், அதுவும் டெலிவரி மாதத்துக்கு முன்பே முடித்துக்கொண்டேன், 100 டன் சோளத்தை எங்கே கொட்டுவது. இவர்களுடைய ஸ்டேட்மென்ட் அழகே இல்லாத ஒரு பிடிஎஃப், தினமும் மாலை மெயிலில் வரும். ஆனால் அதில் இரண்டு வரி இருந்தது. ஒன்று இனிஷியல் மார்ஜின்: நஷ்டம் வந்தால் ஈடுகட்ட ஜேஎஸ்இ முன்பணமாகக் கேட்கும் தொகை, வாங்குபவர் விற்பவர் இருவருக்கும் நடுவில் நின்று கணக்குத் தீர்க்கும் ஜேஎஸ்இ கிளியர் என்ற கிளியரிங் ஹவுஸுக்குப் போய்விடும், அதற்கு வட்டியும் உண்டு. இன்னொன்று கூடுதல் மார்ஜின்: புரோக்கர் தன் பாதுகாப்புக்காக மேலே கேட்பது. என் விஷயத்தில் முதல் தொகையில் பாதி அளவு. இந்த இரண்டாவது வரியைத்தான் கவனிக்க வேண்டும், ஏனென்றால் அது கிளியரிங் ஹவுஸ் வரை போவதில்லை, வழியிலேயே தங்குகிறது. எங்கே தங்குகிறது என்று கேட்டேன். ஃபோனை எடுத்த பெரியவர் யோசிக்கவே இல்லை, பேங்க் பெயர், கிளை, கணக்கின் பெயர் மூன்றையும் சொன்னார். கடிதம் வேண்டும் என்றேன். இரண்டாம் நாள் பேங்க் லெட்டர்ஹெட்டில் வந்தது, கணக்கின் பெயரிலேயே வாடிக்கையாளர் கணக்கு என்று இருந்தது. அந்தக் காகிதத்தையும் நம்பாமல் பேங்க் கிளைக்கு ஃபோன் போட்டுக் கேட்டேன், பிஎஃப்ஜி கதை படித்தவன் வேறு என்ன செய்வான்.

இவர்களிடமும் குறை இருக்கிறது. கமிஷன் அதிகம். மதியம் பன்னிரண்டரைக்கு மேல் ஒரு மணி நேரம் யாரும் ஃபோன் எடுக்க மாட்டார்கள். பணம் எடுக்க ஒரு ஃபார்ம் பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டு ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டும், இந்தக் காலத்தில். ஆனால் அனுப்பிய மறுநாள் பணம் வந்தது, அனுப்பியவர் இடத்தில் அவர்கள் பெயரே இருந்தது.

கோயிலில் ஒருவர் கேட்டார், இப்போதுதான் டெபாசிட் இன்ஷூரன்ஸ் வந்துவிட்டதே, அப்புறம் என்ன கவலை என்று. அது 2024 ஏப்ரலில் வந்த, கோடி (CODI) என்ற டெபாசிட் இன்ஷூரன்ஸ் அமைப்பின் திட்டம். ஒரு பேங்க் விழுந்தால் ஒருவருக்கு 1,00,000 ராண்ட் வரை. புரோக்கர் அண்டாவிலிருந்து எடுத்துவிட்டால் பேங்க் விழவே இல்லையே, யார் கொடுப்பார்கள்? ஏதாவது ஒரு பாதுகாப்பைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கும் அவரைக் குறை சொல்லவும் முடியாது, ஸ்டெல்லன்போஷ் ஊரிலிருந்து நடந்த எம்டிஐ என்ற பிட்காயின் மோசடிக் கம்பெனியில் பணம் போட்டவர்கள் இந்த ஊரிலும் இருந்தார்கள். 29,421 பிட்காயின், 170 கோடி டாலருக்கு மேல் என்று 2022ல் அமெரிக்க ஃபியூச்சர்ஸ் ஆணையம் போட்ட வழக்கு. அங்கே தனிக்கணக்கும் இல்லை, ஒன்றும் இல்லை, ஒரு ரோபோ வியாபாரம் செய்கிறது என்று மட்டும் சொல்லியிருந்தார்கள்.

தானிய புரோக்கருக்கு ஐந்துக்கு நாலு. அரை மார்க் கமிஷனுக்கும் அரை மார்க் அந்த ஸ்கேனுக்கும் போயிற்று. ஆப் கம்பெனிக்கு இரண்டு, அதுவும் சார்ட்டுக்காக. அங்கே 2,300 ராண்ட் வேண்டுமென்றே விட்டு வைத்திருக்கிறேன். பேங்க் கடிதம் கேட்டு மூன்று மெயில் போட்டேன், மூன்றுக்கும் அந்த முன்னணி பேங்க் பாராவே திரும்பி வந்தது. முறையாக எழுத்தில் புகார் கொடுத்தாயிற்று. கம்பெனிக்கு ஆறு வாரம் அவகாசம், அதற்குள் தீரவில்லை என்றால் வாடிக்கையாளர் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். சேஷெல்ஸ் ஒப்பந்தத்தைக் காட்டி எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று இங்கே இருப்பவர்கள் கைகழுவுவார்களா என்பதும் அப்போது தெரிந்துவிடும். ஆறு வாரம் அடுத்த செவ்வாய்க்கிழமையோடு முடிகிறது. கடிதம் வந்தால் இங்கேயே வந்து மார்க்கை மாற்றுகிறேன்.