பெர்லினைச் சுற்ற எது தோது: செமஸ்டர் டிக்கெட்டா, சைக்கிளா, நடையா?

பெர்லினுக்குப் படிக்கப் போகிறவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி: "செமஸ்டர் டிக்கெட்தான் இருக்கே, சைக்கிள் எதுக்கு?" நியாயமான கேள்விதான். பல்கலைக்கழகத்தில் பருவக் கட்டணம் கட்டும்போதே ரயில், பஸ், டிராம் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் காசு போய்விடுகிறது. ஆனால் அதை மட்டும் நம்பி இரண்டு வருஷம் ஓட்டியவருக்கு ஊர் தெரிந்திருக்காது. நிலைய வாசல்கள்தான் தெரிந்திருக்கும். பாதாள ரயிலில் ஏறி இன்னொரு இடத்தில் தலைதூக்குகிறவருக்கு, இரண்டு இடங்களுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்பது கடைசிவரை மர்மம். பெர்லின் போல ஒரு காலத்தில் சுவர் வைத்துப் பிரித்த ஊரில் அந்த நடுப்பகுதிதான் விஷயமே.

டிக்கெட்டின் கணக்கு

ஜெர்மனி முழுக்கச் செல்லும் மாத டிக்கெட் 2023 மே 1 அன்று 49 யூரோவுக்கு வந்தது. 2025-ல் 58 ஆனது, 2026 ஜனவரியில் 63. மாணவர்களுக்கான செமஸ்டர் டிக்கெட் இதில் 60 சதவீதம். 63-க்குக் கணக்குப் போட்டால் மாதம் 37.80, ஆறு மாதப் பருவத்துக்கு 226.80 யூரோ. யூ-பான் எனும் பாதாள ரயில், எஸ்-பான் எனும் நகர ரயில், டிராம், பஸ் எல்லாம் இதில் அடக்கம். பெர்லினின் ஏ, பி, சி மூன்று கட்டண வட்டங்களும் அடக்கம் என்பதால் போட்ஸ்டாமுக்கோ விமான நிலையத்துக்கோ தனிக் காசு கிடையாது. வட்டார ரயிலில் டிரெஸ்டன், லைப்சிக் வரைகூடப் போகலாம், மாறி மாறி ஏறப் பொறுமை வேண்டும். ஐசிஇ, ஐசி விரைவு ரயில்களில் மட்டும் செல்லாது.

மொழிப்பள்ளி மாணவர்களுக்கும் சில தனியார் கல்லூரி மாணவர்களுக்கும் செமஸ்டர் டிக்கெட் கிடையாது. அவர்கள் 63 யூரோ சந்தாவைத்தான் எடுக்க வேண்டும். பலர் மாட்டிக்கொள்வது இதை நிறுத்தும்போதுதான். மாதக் கடைசியோடு முடிய வேண்டுமென்றால் அந்த மாதம் 10-ம் தேதிக்குள் ரத்து செய்திருக்க வேண்டும். மார்ச் 31-ல் ஊர் திரும்புகிறவர் மார்ச் 15-ல் ஞாபகம் வந்து ரத்து செய்தால் ஏப்ரலுக்கும் காசு போகும்.

நிலையங்களில் தடுப்புக் கதவு கிடையாது. பரிசோதகர்கள் பெரும்பாலும் சாதாரண உடையில் ஏறி, கதவு மூடியதும் அட்டையை நீட்டுவார்கள். டிக்கெட் இல்லாவிட்டால் 60 யூரோ. செமஸ்டர் டிக்கெட் வைத்திருப்பவர் அகப்படுவது போன் அணைந்துபோவதால்தான். குளிரில் பழைய பேட்டரி 30 சதவீதத்திலிருந்து திடீரென விழும். அப்படி மாட்டினால் பயப்பட வேண்டாம். டிக்கெட் உங்கள் பெயரில் இருப்பதால் ஒரு வாரத்துக்குள் அலுவலகத்தில் காட்டினால் அபராதம் 7 யூரோவாகக் குறையும். டிக்கெட்டோடு படம் போட்ட அடையாள அட்டையும் கையில் இருக்க வேண்டும்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் கதை வேறு. அவர்களுக்கு எடுக்கும் காகித டிக்கெட்டை நடைமேடையில் இருக்கும் சின்னப் பெட்டியில் செருகி முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட், டிக்கெட்டே இல்லை என்றுதான் கணக்கு. விமான நிலையம் சி வட்டத்தில் இருப்பதால் ஏபி டிக்கெட்டோடு அவர்களை வழியனுப்பப் போவதும் அதே 60 யூரோவில்தான் முடியும்.

ரயிலில் எதைப் பார்க்கலாம்

தரைக்கு மேலே ஓடுவதை எல்லாம் பார்க்கலாம். எஸ்41, எஸ்42 இரண்டும் நகரத்தைச் சுற்றும் வட்டப் பாதை. முதலாவது கடிகாரத் திசையில், மற்றது எதிர்த்திசையில். 27 நிலையம், ஏறக்குறைய 37 கிலோமீட்டர், சரியாக ஒரு மணி நேரத்தில் ஏறிய இடத்துக்கே வந்துவிடும். இந்த வட்டத்துக்கு உள்ளே இருப்பதுதான் ஏ வட்டம், ஆகவே ஊரின் அளவை மனதில் பதிக்க இதைவிட மலிவான பாடம் இல்லை. 100-ம் எண் இரட்டைத்தட்டு பஸ் சோ (Zoo) நிலையத்திலிருந்து அலெக்ஸாண்டர்பிளாட்ஸ் வரை வெற்றித் தூண், நாடாளுமன்றம், உன்டர் டென் லிண்டென் சாலை எல்லாவற்றையும் தொட்டுப் போகும். மேல்தட்டின் முன் இருக்கை கிடைத்தால் சுற்றுலா பஸ்ஸுக்குக் கொடுக்கும் காசு மிச்சம். வான்சேயிலிருந்து கிளாடோவுக்கு எஃப்10 படகு, 20 நிமிடப் பயணம், இதே டிக்கெட்டில். சுற்றுலாப் பயணிகளுக்கான நகர அட்டைகளை இந்த டிக்கெட் உள்ளவர் எட்டிப் பார்க்கவே வேண்டாம்.

குறை என்ன? வார இறுதிகளில் பராமரிப்பு வேலைக்காகப் பாதையின் ஒரு துண்டை மூடி, மாற்றுப் பஸ் விடுவார்கள். 12 நிமிடப் பயணம் 35 ஆகும். வார நாட்களில் நள்ளிரவு ஒரு மணிக்கு மேல் யூ-பானும் எஸ்-பானும் ஓய்ந்துவிடும், N எழுத்தில் எண் தொடங்கும் இரவு பஸ்தான் கதி. வெள்ளி, சனி இரவுகளில் மட்டும் ரயில் விடிய விடிய ஓடும்.

நடைக்கு எதிராக வைத்தால்

ஃபிரீட்ரிஷ்ஸ்ட்ராஸே நிலையத்திலிருந்து, சுவர்க் கால எல்லைச் சாவடியான செக்பாயிண்ட் சார்லிக்கு யூ6 ரயிலில் மூன்றே நிறுத்தம்: உன்டர் டென் லிண்டென், ஷ்டாட்மிட்டே, கோஹ்ஸ்ட்ராஸே. நடந்தால் இருபது நிமிடம். படி இறங்கி, ரயிலுக்குக் காத்திருந்து, ஏறி, மறுபடி படி ஏறுவதைச் சேர்த்தால் மிச்சமாவது பத்து நிமிடம்தான். அந்தப் பத்து நிமிடத்துக்கு ரயிலில் போகாதீர்கள், குறிப்பாக இந்த இடத்தில்.

காரணம், நிலையத்தை ஒட்டியே இருக்கும் கண்ணாடிக் கட்டடம். கண்ணீர் மாளிகை என்று பெயர். கிழக்கிலிருந்து மேற்கே திரும்புகிறவர்களை உறவுக்காரர்கள் அழுது வழியனுப்பிய எல்லைச் சாவடி, 2011 முதல் அருங்காட்சியகம், அனுமதி இலவசம். இதே நிலையம் வழியாகத்தான் எழுபதுகளின் பிற்பகுதியிலும் எண்பதுகளிலும் ஆயிரக்கணக்கான இலங்கைத் தமிழர்கள் மேற்கு பெர்லினுக்குள் வந்தார்கள். கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, டிரான்சிட் விசாவில் இந்த நிலையம் வரை வந்து, நகர ரயிலில் ஏறி மேற்கே போய்விடலாம். மேற்குத் தரப்பு அந்தக் கோட்டை நாட்டு எல்லையாகவே ஏற்காததால் அங்கே பாஸ்போர்ட் பார்க்க ஆள் நிற்கவில்லை. 1985-ல் இந்த வழி அடைபட்டது. பிரிட்ஸ் பகுதியில், யூ7 பாதையின் பிளாஷ்கோ அலே நிலையத்துக்குப் பக்கத்தில், இலங்கைத் தமிழர்கள் கட்டிய மயூரபதி முருகன் கோயில் இருக்கிறது. அதற்கு மட்டும் ரயிலிலேயே போங்கள், நடக்கிற தூரமில்லை.

நடைக்கு இன்னொரு இடம் பெர்னாவர் ஸ்ட்ராஸே, பெர்லின் சுவர் நினைவிடம் இருக்கும் தெரு. எஸ்-பானில் நோர்ட்பான்ஹோஃப் நிலையத்தில் இறங்குங்கள். மேலே ஏறுவதற்கு முன் நிலையத்தின் உள்ளேயே பேய் நிலையங்கள் பற்றிய காட்சிப் பலகைகள் இருக்கும். சுவர்க் காலத்தில் மேற்கின் ரயில்கள் கிழக்குக்கு அடியில் ஓடின. இடைப்பட்ட நிலையங்களில் நிற்காமல், அரையிருட்டில் மெல்ல ஊர்ந்து போயின. இதுவும் அப்படி மூடிக் கிடந்த நிலையம்தான்.

வெளியே வந்தால் தெரு தொடங்குகிறது. எம்10 டிராம் இதே தெருவில் சில நிமிடங்களில் கடந்துவிடும், அதில் ஏறினால் ஒன்றும் புரியாது. நினைவிடம் 1.4 கிலோமீட்டர் நீளம். சுவர் இல்லாத இடங்களில் துருப்பிடித்த இரும்புக் கம்பிகளை வரிசையாக நட்டிருக்கிறார்கள். ஒரு பக்கத்திலிருந்து சாய்ந்து பார்த்தால் கம்பிகள் ஒன்றோடொன்று சேர்ந்து மதில் போலத் தெரியும். நேராக நின்றால் இடைவெளி திறந்து, நடுவே நுழைந்து போகலாம். தெருவின் தென்புற வீடுகள் கிழக்கு பெர்லின், அவற்றின் வாசலில் உள்ள நடைபாதை மேற்கு பெர்லின். 1961 ஆகஸ்டில் அந்த வீட்டுக்காரர்கள் மேற்கே தப்பிக்க ஜன்னலிலிருந்து குதித்தார்கள், அப்புறம் கிழக்குத் தரப்பு ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தது. ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

நடப்பவர் கண்ணுக்கு மட்டும் படுவது இன்னொன்று: வீட்டு வாசல் நடைபாதையில் பதித்த, பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் பித்தளைக் கற்கள். நாஜிகள் பிடித்துக்கொண்டு போனவர்கள் கடைசியாக வாழ்ந்த வீட்டு வாசலில், பெயர், பிறந்த ஆண்டு, கொண்டுபோன நாள், முகாமின் பெயர் பொறித்து வைத்திருக்கிறார்கள். சைக்கிள் வேகத்தில் இவை வெறும் மினுக்கு.

நடையின் பலவீனம் டிசம்பர். நாலு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். வகுப்பு மூன்று மணிக்கு முடிகிறவருக்கு வார நாளில் பகல் வெளிச்சம் ஒரு மணி நேரம்கூடக் கிடைக்காது. ஞாயிறு கடைகள் மூடியிருக்கும், ஷ்பேட்டி எனப்படும் பெட்டிக்கடைகள்தான் தண்ணீருக்கும் பிஸ்கட்டுக்கும்.

சைக்கிள் எங்கே ஜெயிக்கிறது

மூன்று முதல் பத்து கிலோமீட்டர் வரையிலான தூரங்களில். ஊர் தட்டை, மூச்சு வாங்க வேண்டியதில்லை. லாண்ட்வேர் கால்வாய்க் கரை, பழைய டெம்பல்ஹோஃப் விமான நிலையம் ஆகியவற்றைச் சைக்கிளில்தான் பார்க்க வேண்டும். டெம்பல்ஹோஃப் 2008-ல் மூடியது, 2010-ல் பூங்காவாகத் திறந்தது. 300 ஹெக்டேருக்கு மேல். இரண்டு கிலோமீட்டர் ஓடுபாதையில் எதிர்க்காற்றில் மிதித்தால் பெர்லின் காற்றின் குணம் தெரியும். மேற்கு பெர்லினைச் சுற்றிச் சுவர் நின்ற தடம் இன்று சுமார் 160 கிலோமீட்டர் சைக்கிள் பாதை. மொத்தமாகப் போகத் தேவையில்லை. மாவர்பார்க்கிலிருந்து வடக்கே பார்ன்ஹோல்மர் பாலம் வரைக்கும் ஏப்ரல் கடைசியில் போனால் ஜப்பான் கொடுத்த செர்ரி மரங்கள் பூத்திருக்கும். 1989 நவம்பர் 9 இரவு முதலில் திறந்த எல்லை அந்தப் பாலம்தான்.

ஆபத்து தண்டவாளம். மேற்கு பெர்லின் தன் டிராம்களை 1967-க்குள் எடுத்துவிட்டது, கிழக்கு வைத்துக்கொண்டது. அதனால் மிட்டே, பிரென்ஸ்லாவர் பெர்க், ஃபிரீட்ரிஷ்ஹைன் தெருக்களில்தான் தண்டவாளக் குழி அதிகம். மெல்லிய டயர் அதற்குள் இறங்கினால் கைப்பிடி திரும்பாது, ஆள் விழுவார். குறுக்கே கடக்கும்போது முடிந்தவரை செங்கோணமாகக் கடக்க வேண்டும். மழை நாளில் தண்டவாளத்தின் மேல் பிரேக் பிடிக்கவே கூடாது.

பழைய சைக்கிள் வாங்கும்போது அதன் சட்டகத்தில் (ஃபிரேம்) உள்ள எண்ணைக் குறித்து, விற்பவரின் பெயரோடு ஒரு துண்டுக் காகிதத்திலாவது ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். ஜெர்மன் சட்டப்படி திருட்டுப் பொருளைத் தெரியாமல் வாங்கினாலும் அது உங்களுடையது ஆகாது. உரிமையாளர் வந்தால் சைக்கிளும் போகும், காசும் போகும். விலையில் பத்தில் ஒரு பங்கைப் பூட்டுக்கு வைப்பது வழக்கம், மலிவான சைக்கிளானால் அதற்கு மேலேயே வையுங்கள். யூ வடிவப் பூட்டால் சட்டகத்தையும் பின் சக்கரத்தையும் சேர்த்து, தரையில் பதித்த கம்பியோடு பூட்ட வேண்டும். முன் சக்கரத்தை மட்டும் பூட்டிவிட்டுப் போனால் திரும்பி வரும்போது முன் சக்கரம் மட்டும் இருக்கும்.

முன்னும் பின்னும் விளக்கு, மணி, இரண்டு பிரேக், பிரதிபலிப்பான் கட்டாயம். விளக்கில் கே எழுத்து அங்கீகாரக் குறி இருக்க வேண்டும். இருட்டில் விளக்கில்லாமல் போனால் 20 யூரோ, கையில் போன் பிடித்தால் 55, சிவப்பு சிக்னலைத் தாண்டினால் 60, ஒரு நொடிக்கு மேல் சிவப்பாக இருந்த பின் தாண்டினால் 100. ஒரு மாதத்துக்கான செமஸ்டர் டிக்கெட்டை விட ஒரு சிக்னல் விலை அதிகம்.

ஜெர்மனி டிக்கெட்டில் சைக்கிள் சேர்த்தி கிடையாது. எஸ்-பானில் ஏற்றினால் சைக்கிளுக்குத் தனி டிக்கெட், பகல் பஸ்களில் ஏற்ற முடியாது. போட்ஸ்டாம் வரை எஸ்7-ல் ஏற்றிக்கொண்டு போய் அங்கே சுற்றும் திட்டம் இருந்தால் இந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அக்டோபரில் சேருகிறவர் எதில் தொடங்கலாம்? மார்ச் வரை ரயிலும் நடையும் போதும்: வாரம் ஒரு நிலையம், அங்கிருந்து அடுத்த இரண்டு நிலையங்களை நடந்தே. சைக்கிள் மிதிக்க ஏப்ரல் வரை பொறுக்கலாம், வாங்கப் பொறுக்க வேண்டாம். வெயில் அடித்த முதல் வாரத்தில் பழைய சைக்கிள்களின் விலை ஏறிவிடும், நவம்பரில் வாங்க ஆளிருக்காது. வாங்கி விடுதியின் நிலவறையில் பூட்டி வையுங்கள், நிலவறை ஆனாலும் அதே யூ பூட்டுதான்.