கமெராவைப் பற்றிக் கேட்டுவிட்டுக் கணினி பொருத்தித் தரும் கடை

யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதிப் பக்கமாக உள்ள சிறிய கடையொன்றில், கேம் விளையாடவும் வீடியோ எடிட்டிங் செய்யவும் எனது முதலாவது மேசைக் கணினியைப் பாகம் பாகமாகத் தெரிவுசெய்து பொருத்துவித்தேன். குறைகளும் சொல்ல வேண்டியிருப்பதால் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

மற்றக் கடைகளில் கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதே முதற் கேள்வியாக இருந்தது. தொகையைச் சொன்னதும் ரைசன் 5 7600 புரொசெசர், ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்ட் என்ற அதே சோடியை எழுதித் தந்தார்கள். கேமுக்கு அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்தக் கடைக்காரரோ, "தம்பி, எந்தக் கமெராவில எடுக்கிறனீங்கள்?" என்றுதான் தொடங்கினார். கலியாண வீடுகளிலும் சாமத்திய வீடுகளிலும் நான் பதிவுசெய்வது 10 பிட், 4:2:2 வகை எச்.265 கோப்புகள் (நிற விபரம் கூடுதலாக உள்ள, இறுக்கமாகச் சுருக்கிய வீடியோக்கள்) என்று சொன்னதும் பட்டியலே மாறிவிட்டது. அந்த வகைக் கோப்பை ஆர்டிஎக்ஸ் 40 வரிசை கார்டுகளால் வன்பொருள் வழியாக விரித்துக் காட்ட முடியாது. ரைசன் 7600 புரொசெசருக்குள்ளேயே இருக்கும் உள் கிராபிக்ஸாலும் முடியாது. இன்டெலின் 11ஆம் தலைமுறை முதலான உள் கிராபிக்ஸில் உள்ள, வீடியோவைக் கையாளும் குயிக் சிங்க் என்ற பகுதி அதைச் செய்யும். ஆகவே கார்ட் அதே ஆர்டிஎக்ஸ் 4060 ஆக இருக்க, புரொசெசராக இன்டெலின் கோர் ஐ5-14400 தெரிவாயிற்று. இதே இலக்கத்தின் ஈற்றில் 'எஃப்' உள்ள புரொசெசர் சற்று மலிவு என்றாலும் அதில் உள் கிராபிக்ஸ் இல்லை. எடிட்டிங் செய்பவருக்கு அந்த மிச்சம் செருப்புக்காகக் காலைத் தறிப்பது போன்றது.

பொருத்தம் பார்ப்பதிலும் அவர் அவசரப்படவில்லை. இந்தப் புரொசெசர் அமரும் எல்ஜிஏ1700 சொக்கட்டுக்கான பி760 மதர்போர்டுகள், ஏற்கும் றாமைப் பொறுத்து டிடிஆர்4, டிடிஆர்5 என இருவகையாக வருகின்றன என்பதையும், ஒன்றின் றாம் மற்றதில் ஏறாது என்பதையும், இரண்டு குச்சிகளின் வெட்டுப்பள்ளங்களும் வேறு இடங்களில் இருப்பதை மேசையில் அருகருகே வைத்துக் காட்டியே விளக்கினார். 14ஆம் தலைமுறைக்கு முன் தயாரான போர்டென்றால் அதன் அடிப்படை மென்பொருளான பயோஸைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும் என்பதால் அதைத் தானே செய்துகொடுத்தார். கிராபிக்ஸ் கார்ட் ஏறியதும் சில போர்டுகள் உள் கிராபிக்ஸைத் தானாக அணைத்துவிடும். பயோஸுக்குள் போய் அதை மீண்டும் இயக்கியதையும் என் கண்முன்னே செய்தார். கேசிங்குக்குள் கார்டின் நீளம் அடங்குமா என்பதை அளவுநாடாவால் அளந்தே முடிவெடுத்தார்.

குறைகளுக்கு வருவோம். முதல் விலைப்பட்டியலில், கேசிங்கோடு சேர்த்து வரும் பெயர் தெரியாத பவர் சப்ளை ஒன்றைச் சத்தமில்லாமல் போட்டிருந்தார்கள். ஆர்டிஎக்ஸ் 4060 இழுப்பது 115 வாட் அளவுதான், அதற்கு 550 வாட் பவர் சப்ளை போதும் என்பது உண்மையே. ஆனால் பெட்டியில் அச்சிட்ட வாட் கணக்கை நம்ப முடியாத ஒரு பொருளை, மின்சாரம் போய்வரும் ஊரில், இவ்வளவு விலையான பாகங்களோடு இணைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வித்தியாசப் பணத்தைக் கொடுத்து மின்சிக்கனத்துக்கான 80 பிளஸ் சான்றுள்ள ஒன்றாக மாற்றினேன். கேட்காதவருக்கு முன்னையதே போயிருக்கும்.

அடுத்தது, வீட்டில் இயக்கியபோது வேகம் 5600 என்று விற்ற றாம், விண்டோஸின் டாஸ்க் மனேஜரில் 4800 என்று காட்டியது. றாமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பி என்ற அமைப்பைப் பயோஸில் இயக்கினால் தீரும் வேலைதான். இரண்டு நிமிடம் பிடிக்கும். உள் கிராபிக்ஸை நினைவாக இயக்கியவர்கள் இதை மறந்தது எரிச்சலாக இருந்தது. றாம் குச்சிகளை மட்டும் புரொசெசரிலிருந்து எண்ணி இரண்டாம், நான்காம் இடங்களில் சரியாகவே செருகியிருந்தார்கள்.

உத்தரவாதத்தைப் பற்றி: பற்றுச்சீட்டின் அடியில் ஒரு வருடம் என்பது 350 நாட்கள் என்று சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கிறது. எரிந்த தடம், உடைவு, துரு ஆகியவற்றுக்கு உத்தரவாதம் இல்லை. உப்புக்காற்று வீசும் கரையோர வீடுகளில் இருப்பவர்கள் அந்தக் கடைசிச் சொல்லைக் கவனிக்க வேண்டும். பழுதான பாகம் கொழும்பு முகவரிடம் போய்த்தான் திரும்பும் என்று கடைக்காரர் மறைக்காமல் சொன்னார். ஒவ்வொரு பாகத்தின் தொடரிலக்கத்தையும் பற்றுச்சீட்டில் எழுதித் தரும்படி கேட்டபோது முகம் சுளிக்காமல் எழுதிக் கொடுத்தார். ஆனால் நாமாகக் கேட்டால்தான் எழுதுகிறார்கள்.