வட்டார விருதா, உலக மேடையா: கட்டடத்தை எதற்கு அனுப்புவது?

வேலை முடிந்து, கிளையண்ட் குடியேறி, போட்டோகிராபரும் வந்து போன பிறகு அலுவலகத்தில் யாராவது ஒருவர் கேட்பார்: "இதை ஏதாவது விருதுக்கு அனுப்பலாமா?" கேட்பது சுலபம். எங்களைப் போன்ற சின்னக் கட்டடக் கலை அலுவலகத்தில் ஒரு கட்டடத்தை ஒழுங்காகத் தயார் செய்து அனுப்பவே இரண்டு பேருக்கு இரண்டு வாரம் போய்விடும். கட்டணம் தனி. ஆகவே வருடத்துக்கு ஒன்றுதான். எது அந்த ஒன்று என்பதில்தான் சண்டை.

பெரும்பாலோர் விருதின் பெயருக்கு இருக்கும் எடையைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது, நடுவர்கள் என் கட்டடத்தை எப்படிப் பார்க்கப் போகிறார்கள் என்பதை. திரையில் படமாகவா, நேரில் உள்ளே நடந்தா, நான் மேடையேறிச் சொல்லக் கேட்டா? ஒரு வழியில் பளிச்சென்று தெரியும் கட்டடம் இன்னொரு வழியில் மங்கிப் போகும்.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வடிவமைப்புப் போட்டி வேறு, வடிவமைப்பு விருது வேறு. சிட்னி ஓபரா ஹவுஸுக்கு வந்த 233 திட்டங்களில் யோர்ன் உட்சன் 1957இல் ஜெயித்தது வரைபடத்தை வைத்துத்தான். கட்டடம் திறக்க 1973 ஆகிவிட்டது. நான் பேசுவது கட்டி முடித்து, ஆள் புழங்கிக்கொண்டிருக்கும் கட்டடத்துக்குத் தரும் விருதைப் பற்றி. கட்டாத திட்டங்களுக்கும் சில இடங்களில் தனிப் பிரிவு உண்டு, அது வேறு கதை.

முதல் வகை, பெயர் மறைத்துப் பார்ப்பது. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகமான ஏஐஏவின் உள்ளூர்க் கிளைகள் நடத்தும் விருதுகள் பலவற்றில் இதுதான் முறை. யார் வடிவமைத்தது என்று நடுவருக்குத் தெரியாது. உள்ளூர் நட்பும் பகையும் கலக்கக் கூடாது என்று வெளியூரிலிருந்து நடுவர்களை அழைப்பதும் உண்டு. நேர்மையான ஏற்பாடு. நேற்று தொடங்கிய இரண்டு பேர் அலுவலகமும் நூறு பேர் வேலை செய்யும் அலுவலகமும் ஒரே வரிசையில் நிற்கும்.

ஆனால் நடுவர் கையில் இருப்பது கொஞ்சம் படம், பிளான், கட்டடத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டும் செக்‌ஷன், அளவு கட்டிய ஒரு குறிப்பு, அவ்வளவுதான். ஒரே நாளில் ஏகப்பட்ட கட்டடங்களைத் தள்ளிக்கொண்டே போக வேண்டிய ஆள் அவர். முதல் படம் கண்ணை நிறுத்தாவிட்டால் உங்கள் குறிப்பின் மூன்றாவது பத்தியை அவர் படிக்கப் போவதில்லை. அந்தி வெளிச்சத்தில் உள்ளே விளக்கெரியும் வீட்டுக்கு இங்கே பாதி வெற்றி. எதிரொலி அடங்கிய வகுப்பறைக்கும் காற்று தவழும் தாழ்வாரத்துக்கும் பாவம், படத்தில் பேச வாயில்லை.

பெயர் மறைக்கும் விதியில் நான் ஒருமுறை கோட்டை விட்டேன். வரைபடங்களின் ஓரத்தில் அலுவலகப் பெயர் வரும் டைட்டில் பிளாக்கை வெட்டினோம், குறிப்பில் அலுவலகப் பெயரை எடுத்தோம், பிடிஎஃப் கோப்பின் பெயரைக்கூட மாற்றினோம். மூன்றாவது படத்தில் வாசல் கண்ணாடிக் கதவு. எதிர்வேலியில் நாங்கள் கட்டிவிட்டு அவிழ்க்க மறந்த எங்கள் பெயர்ப் பலகை அந்தக் கண்ணாடியில் விழுந்திருந்தது. எழுத்து இடவலம் மாறியிருந்தாலும் படிக்க முடிந்தது. முதல் சுற்றிலேயே நீக்கிவிட்டார்கள், கட்டிய பணமும் போயிற்று. கோபம் வந்தது உண்மைதான், ஆனால் விதி சரி.

இரண்டாவது வகை, நேரில் வந்து பார்ப்பது. எனக்குப் பிடித்தது இதுதான், மறைக்கவில்லை. ரிபா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பிரிட்டனின் கட்டடக் கலைஞர் கழகம் நடத்தும் வட்டார விருதுகளில் முதல் வடிகட்டல் காகிதத்தில் நடக்கும். ஷார்ட்லிஸ்டில் வந்த கட்டடங்களை நடுவர்கள் போய்ப் பார்க்கிறார்கள். வட்டாரத்தில் விருது பெற்றவை தேசிய விருதுக்குப் பரிசீலிக்கப்படும். அதிலிருந்து பொறுக்கியெடுத்த சிலதான் அந்தக் கழகத்தின் உச்சப் பரிசான, 1996இல் தொடங்கிய ஸ்டிர்லிங் பரிசின் இறுதிப் பட்டியலுக்குப் போகும். அந்தப் பரிசுக்கு நேராக விண்ணப்பம் போட முடியாது. வட்டார விருது என்றதும் "சின்னதுதானே" என்று உதட்டைப் பிதுக்குபவர்களுக்கு இதைச் சொல்வேன். ஆஸ்திரேலியாவிலும் மாநிலக் கிளையின் விருதைத் தாண்டித்தான் தேசிய விருதுக்குப் போக முடியும்.

2019இல் ஸ்டிர்லிங் பெற்ற கோல்ட்ஸ்மித் ஸ்ட்ரீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாரிச் நகராட்சிக்காக மிக்கேல் ரிச்சஸ் அலுவலகமும் கேத்தி ஹாலியும் சேர்ந்து வடிவமைத்த, ஏறத்தாழ நூறு வீடுகள் கொண்ட வாடகைக் குடியிருப்பு. படத்தில் பார்த்தால் செங்கல் சுவர் வைத்த வரிசை வீடுகள், அவ்வளவுதான். ஆனால் சூடாக்கும் செலவைக் குறைக்கும் பாசிவ்ஹவுஸ் தரத்தில் கட்டியவை. வீட்டுக் கதவில் துளை போட்டால் குளிர்காற்று கசியும் என்று தபால் பெட்டியைக் கதவிலிருந்து எடுத்து வெளித் திண்ணைப் பக்கம் வைத்திருக்கிறார்கள். எந்த அந்தி வெளிச்சப் படத்திலும் இது தெரியாது. வாசலில் போய் நின்றால்தான் தெரியும்.

எங்கள் கட்டடம் ஒன்றைப் பார்க்க மூன்று நடுவர்கள் வந்த அன்று மழை. முகப்பைப் பற்றி நான் பத்து நிமிடம் பேசத் தயாராகப் போயிருந்தேன். அவர்களில் ஒருவர் என்னைத் தாண்டிப் போய், படிக்கட்டைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் அந்தக் கடைசி மூலையை எப்படித் துடைக்கிறீர்கள் என்று கேட்டார். "மாப் போகாது சார், துணியை விரலில் சுற்றித்தான்" என்றார் அவர். நடுவர் குனிந்து பார்த்துவிட்டு நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். நான் மிகவும் ரசித்து வரைந்த மூலை அது. விருது கிடைக்கவில்லை. அதன்பின் எங்கள் படிக்கட்டுகளில் அந்த மூலையை வளைத்துவிடுகிறோம்.

நேரில் பார்க்கும் விருதுக்குக் கிளையண்டின் தயவு வேண்டும். நடுவர் வரும் நாளில் கதவைத் திறந்துவிடுபவர் அவர்தான், நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது பேசப் போகிறவரும் அவர்தான். கடைசிப் பில்லில் மனக்கசப்பாகிப் பிரிந்திருந்தால் இந்தப் பக்கமே போகாதீர்கள், பெயர் மறைத்துப் பார்க்கும் விருதுதான் உங்களுக்கு நல்லது. அதற்கும்கூட, படங்கள் வெளியாகும் என்பதால், அவர் சம்மதம் தேவைப்படும்.

நேரில் பார்ப்பதை எல்லைவரை கொண்டுபோனது சர்வதேசக் கட்டடக் கலை விருதான ஆகா கான் விருது. 1977இல் நிறுவப்பட்டது, மூன்று வருடத்துக்கு ஒருமுறை, மொத்தப் பரிசு பத்து லட்சம் டாலர். ஷார்ட்லிஸ்டில் வந்த ஒவ்வொரு இடத்துக்கும் நிபுணர் ஒருவர் போய் ஆராய்ந்து அறிக்கை தருகிறார். பணத்தை ஆர்க்கிடெக்டுக்கு மட்டும் கொடுக்காமல் கைவினைஞர், பொறியாளர், கிளையண்ட் என்று உழைத்தவர்களுக்கும் பகிர்கிறார்கள். பாலகிருஷ்ண தோஷியின் இந்தூர் ஆரண்யா குடியிருப்பு 1995இல் பெற்றது இதைத்தான். ஆனால் இங்கே பெரும்பாலும் பரிந்துரைப்பவர்கள் வழியாகத்தான் உள்ளே போவது, கட்டணம் கட்டிக் கதவைத் தட்டும் விருது இது இல்லை. எனவே நம் கணக்கில் இது சேராது. ஆசைப்படத் தடையில்லை.

மூன்றாவது வகை, மேடை. 2008இல் பார்சிலோனாவில் தொடங்கிய உலகக் கட்டடக் கலை விழாவில் இறுதிச் சுற்றுக்கு வந்தவர்கள் நடுவர்கள், பார்வையாளர்கள் முன் நேரில் நின்று சில நிமிடங்களில் தங்கள் கட்டடத்தை விளக்க வேண்டும். பேச்சு வருபவர்களுக்குக் கொண்டாட்டம். மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் வேலையைத் தாங்களே சொல்லிக் கேட்பது பெரிய படிப்பு என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள், நம்புகிறேன். ஆனால் பயணம், தங்கல், அலுவலகத்தை மூடிவைக்கும் நாட்கள் எல்லாம் சேர்ந்தால் அதே செலவில் பல வட்டார விருதுகளுக்கு அனுப்பலாம். எங்கள் அலுவலகத்தில் நன்றாக வரைபவருக்குப் பேச வராது, பேச வருபவர் நான். அது போதாது என்று இருவருக்குமே தெரியும்.

இணையத்தில் பொதுமக்கள் வாக்களிக்கும் வகையும் இருக்கிறது. ஆர்க்கிடைசர் ஏ பிளஸ் விருதில் நடுவர் தேர்வு ஒன்று, மக்கள் தேர்வு ஒன்று என இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறார்கள், அது நல்ல பழக்கம். மற்றபடி வாக்கு என்பது எத்தனை பேர் உங்களைப் பின்தொடர்கிறார்கள் என்பதன் கணக்குதான். "வாழ்த்துகள், கோப்பை வேண்டுமானால் தனியாகப் பணம் கட்டுங்கள்" என்று மின்னஞ்சல் அனுப்பும் ரகங்களும் உண்டு. அவற்றை நான் திறப்பதில்லை.

சரி, வட்டார விருது என்று முடிவு செய்துவிட்டால் விதிப் புத்தகத்தில் முதலில் தேட வேண்டியது, வட்டாரம் என்று எதைச் சொல்கிறார்கள் என்பதை. சில இடங்களில் கட்டடம் எல்லைக்குள் இருக்க வேண்டும், சில இடங்களில் உங்கள் அலுவலகம் இருந்தால் போதும். அப்புறம் கட்டி முடித்த தேதி. இந்த வருடம் அவசரமாக அனுப்புவதைவிட ஒரு மழையும் ஒரு வெயிலும் பார்த்த பின் அனுப்புவது மேல் என்பது என் கட்சி. ஆகா கான் விருதும் குறைந்தது ஒரு வருடம் புழங்கிய கட்டடத்தைத்தான் ஏற்கிறது. படங்களின் உரிமை போட்டோகிராபரிடமே இருக்கலாம், அதனால் விருதுக்கும் வெளியீட்டுக்கும் சேர்த்து அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பெயரும் கான்ட்ராக்டர் பெயரும் விடுபட்டால் ஜெயித்த பிறகுதான் சண்டை வரும். பிரிவு விஷயத்தில் நான் சின்னதையே எடுப்பேன். பெரிய வளாகங்களோடு பொதுப் பிரிவில் மோதுவதைவிடச் சிறிய கட்டடங்களுக்கான பிரிவில் நின்றால், பார்க்கிறவர்களும் அந்த அளவுக்கேற்ற கண்ணோடு பார்ப்பார்கள்.

இந்த முறை எங்கள் மேசையில் இருப்பது ஒரு சின்ன நூலகம். படத்துக்குச் சுமார்தான், உள்ளே உட்கார்ந்தால் எழ மனம் வராது. நேரில் பார்க்கும் வட்டார விருதுக்கே அனுப்புகிறோம். கடைசித் தேதிக்கு மூன்று வாரம் இருக்கிறது, படமும் வரைபடமும் அடுக்கி அனுப்பும் போர்டு ஒன்றுகூட இன்னும் ஆரம்பிக்கவில்லை. அங்கே கூட்டித் துடைப்பவரிடம் மட்டும் பேசிவிட்டு வந்தாயிற்று. அலமாரிக்கு அடியில் கை போகவில்லையாம்.